ஐஸ்பெட்டியும் மேட்டுச் சாலையும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவள் 'ஐஸ்பெட்டி'தான். மூன்று சிறிய மருத்துவமனைகளில் காலையில் எடுக்கும் ரத்த மாதிரிகளைக் குளிர்பெட்டிகளில் அடுக்கி, மேட்டின் உச்சியில் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் தொழில். வண்டி, சித்தப்பா கொடுத்த பழைய சின்னக் கார். புது வண்டி வாங்கிய கையோடு, ஓடுகிற வரைக்கும் ஓட்டு என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவள் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் நிழலில் உட்கார்ந்து பார்த்த வேலையை உதறிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாளே என்று அண்ணனுக்குத் தீராத மனத்தாங்கல்.

கூடத்தில் மெஷினை நண்பகலில் ஓடவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற மாதிரிகள் மறுநாளுக்குத்தான். அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மாள் கறாரானவர். திட்டமாட்டார், திட்டினால்கூடப் பரவாயில்லை.

"இதோட ரெண்டு தடவை ஆச்சு. இன்னொரு தடவை லேட் ஆனா இந்த வேலையை, பைக்ல சாம்பிள் கொண்டு வர்றாரே, அந்த பைக்காரர்கிட்ட குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

பிந்தியதற்குக் காரணம் அந்த மேடுதான். பெட்டிகளின் கனத்தோடு ஏறும்போது கார் இரண்டாம் கியரில் திணறும். முதல் கியருக்கு இறக்கினால் ஊரும். பாதி வழியில் கொதித்துப் போகும். ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்து, ஆறும்வரை நின்றாக வேண்டும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார், ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்தார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, வயசாகிவிட்டது, வேறு வண்டி பார் என்று கைகழுவிவிட்டார்.

அவள் கைகழுவவில்லை. எஞ்சினும் ஒரு ஜீவன் மாதிரிதான், காற்றை இழுத்தால்தானே பெட்ரோலை எரிக்கும், இதற்கு மூச்சுதான் போதவில்லை என்று அவளுக்குப் பட்டது. கார் அலங்காரச் சாமான் விற்கும் கடைக்காரர் அதைக் கேட்டதும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை எடுத்து வைத்தார். பழைய ஃபில்டர் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு இதை மாட்டினால் வண்டி சிங்கம் என்றார். மாட்டினாள். கர்ஜித்தது உண்மை. எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். மேட்டில் மட்டும் முன்னைவிட மோசம்.

"குரைக்கிற நாய் கடிக்காதுன்னு தெரியும். மேடும் ஏறாதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றான் அண்ணன்.

அவள் கூம்பைக் கழற்றிவிட்டு, எறியாமல் வைத்திருந்த பழைய டப்பாவைத் திரும்ப மாட்டினாள். காலையில் முதன்முதலாக ஏறும்போது வண்டி அவ்வளவு திணறுவதில்லை, சிக்னல் சிக்னலாக நின்று வந்த பிறகுதான் திணறுகிறது என்பது அவள் கவனித்து வைத்திருந்த விஷயம். குளிர்பெட்டிக்கு என்று ஒரு உதிரி வெப்பமானி இருந்தது. நீண்ட வயரும் நுனியில் சின்ன முனையுமாக. முனையை ஃபில்டர் டப்பாவுக்குள் விட்டு, வயரை ஜன்னல் வழியாக இழுத்து, எண் காட்டும் பாகத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். வெளியே முப்பது டிகிரி. எஞ்சின் இழுத்த காற்று அறுபதைத் தாண்டியது. டப்பாவுக்கு முன்பக்கத்திலிருந்து காற்று கொண்டுவரும் ரப்பர் குழாய் அடியில் கிழிந்துபோய், ரேடியேட்டர் துப்பும் அனலைத்தான் அது குடித்துக்கொண்டிருந்தது. கூம்பு இன்னும் மோசமாக இருந்ததில் என்ன அதிசயம்? அது அனலுக்கு நடுவிலேயே அல்லவா உட்கார்ந்திருந்தது!

அந்த மாடல் குழாய் இப்போது வருவதில்லை. ஆனால் வீட்டிலேயே அண்ணி இருந்தாள். பெரிய கட்டடங்களின் ஏசிக்குத் தகரக் காற்றுக்குழாய் செய்யும் பட்டறையில் வேலை. விடுமுறை நாளில் தகர வெட்டுக் கத்தரியோடு வந்து பானெட்டுக்குள் தலையை விட்டாள்.

"காத்துக்குத் திடீர்னு திரும்பச் சொன்னா பிடிக்காது. உங்க அண்ணன் மாதிரி. வளைக்கிறதே தெரியாம வளைச்சுக் கொண்டு போகணும்."

"அண்ணனை எத்தனை வளைவு வளைச்சீங்க, அண்ணி?"

"இன்னும் வேலை முடியல" என்றாள் அண்ணி, தலையை வெளியே எடுக்காமலே.

குழாயின் வாயை பம்பருக்கு அடியில் வைத்தால் நல்ல குளிர்காற்று கிடைக்கும் என்பது அண்ணியின் யோசனை. ஐஸ்பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஒரு தடவை இறங்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிடும். அதோடு கதை முடிந்தது. கடைசியில் முன்விளக்குக்குப் பக்கத்தில் இருந்த சந்தில் வாய் வைத்தார்கள். அகலமான குழாய், உள்ளே பிசிறில்லாத இரண்டு மெதுவான வளைவுகள், டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தகர மறைப்பு. அவ்வளவுதான். எல்லாம் முடிந்ததும் அண்ணி தன் தொழில் பழக்கத்தில் குழாயின் வாய்க்கு மெல்லிய கொசுவலை வைத்து நான்கு மூலையிலும் ரிவெட் அடித்தாள். வலை இல்லாத குழாயைப் பட்டறையை விட்டு வெளியே விடுவதே இல்லையாம்.

கார் குதிரையாகிவிடவில்லை. இழந்தது திரும்பக் கிடைத்தது, அவ்வளவே. ஆனால் மேட்டை இரண்டாம் கியரிலேயே ஏறியது, கொதிக்கவில்லை. வெப்பமானி முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு ஒருநாள், தூறல் விட்ட நேரம், மேட்டில் அவளுக்கு முன்னால் மரத்தூள் ஏற்றிய லாரி ஒன்று தார்ப்பாய் படபடக்க ஏறிக்கொண்டிருந்தது. ஏற்கனவே ஒரு மருத்துவமனையில் அவளைக் காக்க வைத்துவிட்டார்கள். பாதி மேட்டில் கார் திடீரென்று தொண்டையில் கை வைத்த மாதிரி அடங்கியது. எவ்வளவு மிதித்தும் இழுவை இல்லை. வெப்பமானியைப் பார்த்தாள். குளிர்ச்சியாகத்தான் காட்டியது. அப்படியானால் காற்று சூடாக இல்லை, காற்றே வரவில்லை.

ஓரங்கட்டி இறங்கினாள். கொசுவலை முழுக்க ஈர மரத்தூள், தோசைமாவு பூசிய மாதிரி அப்பிக் கிடந்தது. துடைத்தால் லாரிக்குப் பின்னால் மறுபடியும் அடைக்கும். தூசியைத் தடுக்கத்தான் டப்பாவுக்குள் ஃபில்டர் இருக்கிறதே, வாசலில் இன்னொரு காவல்காரன் எதற்கு? ஸ்க்ரூடிரைவரை வலைக்குள் விட்டு நெம்பினாள். ரிவெட்டுகள் அண்ணி அடித்தவை; லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி மூலையைக் கையாலேயே பிய்த்தெடுத்தாள்.

பின்னால் பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றது. சரிவில் நிற்கும் வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்புவது அவளுக்கு இன்னும் பயம்தான். கைபிரேக்கை இழுத்துப் பிடித்து, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வண்டி முன்னால் முண்டும்போது பிரேக்கை விடுவித்தாள். ஏறியது. சாலை அகலமான இடத்தில் லாரியைத் தாண்டியது. அதன்பின் உச்சிவரை கியரை இறக்கவேயில்லை.

கூடத்தின் பெஞ்சில் பைக்காரர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது. உள்ளே மெஷின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அவள் பெட்டிகளை மேஜைமேல் வைத்தாள். மேற்பார்வை அம்மாள் மூடியைத் திறந்து, குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு குழாயாக எடுத்து அடுக்கினார். பிறகுதான் அவள் விரலைக் கவனித்தார்.

"கையில என்ன ரத்தம்?"

"இது என்னோடது மேடம். டெஸ்டுக்கு இல்ல."

அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு துண்டுப் பஞ்சை அவள் பக்கம் தள்ளிவிட்டு மெஷினை ஓடவிட்டார்.

"நாளைக்கு?" என்று பெஞ்சிலிருந்து பைக்காரர் கேட்டார்.

"நாளைக்கும் நான்தான் வருவேன்" என்றாள் அவள், அம்மாளைப் பார்த்தபடியே.

அம்மாள் காலிப் பெட்டிகளை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். பைக்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.