சிவப்புப் புள்ளி வைத்த ஷூ

எங்கள் செருப்புக் கடையில் அவளுக்கு மோப்பக்காரி என்று பட்டப்பெயர். முகர்ந்து பார்க்காமல் பாலை அடுப்பில் வைக்க மாட்டாள். புருஷன் தலைவலி என்று படுத்தால்கூட, நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவாள். அப்பேர்ப்பட்டவளைப் போய்ப் பழைய ஷூ வாங்கும் மேசையில் உட்கார வைத்தார் மேனேஜர். பக்கத்து மேசையில் பில் போடுகிறவள் நான். நாள் முழுக்க அவள் புலம்பலைக் கேட்பது என் தலையெழுத்து.

சின்னதாகிப்போன ஷூவைக் கொடுத்தால் புதுசுக்குத் தள்ளுபடி. பழசைச் சரிசெய்து ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்! எல்லாத்தையும் எடைக்குப் போடுறானுங்க, இல்லன்னா எரிக்கிறானுங்க. பொய் சொல்லித்தான் சாப்பிடணும்னா இந்த வேலையே வேணாம்டி."

"உன் வீட்டுக்காரர் வேலையில்லாம உட்கார்ந்திருக்காரு. ரெண்டு பொண்ணுங்களுக்கும் எதை ஆக்கிப் போடுவ?" என்றேன். 

மறுநாள் பெரியவளுக்குச் சின்னதாகிப்போன பள்ளி ஷூவைக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்த மெத்தை அட்டையைத் தூக்கி, அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாள்.

"எந்தக் குப்பைமேட்டுல கிடைக்குதுன்னு பாக்குறேன். கிடைச்ச அன்னிக்கே வேலைய விட்டுடுவேன்."

"அடிப்பாவி, இது சின்னவளுக்கு ஆகுமே!" அந்தப் பிள்ளையின் ஷூ வாயைப் பிளந்து கிடந்தது எனக்குத் தெரியும்.

"முதல்ல இவனுங்க குட்டு வெளிப்படட்டும்." பிடிவாதக்காரி, பழைய ஷூ சேர்க்கும் பெட்டிக்குள் போட்டேவிட்டாள்.

லீவு நாளெல்லாம் பழைய சாமான் கடைகளில் அலைந்தாள். ஒன்றும் சிக்கவில்லை. சின்னவள் பிளந்த ஷூவோடுதான் பள்ளிக்குப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் காலை வந்து உட்கார்ந்தவள் வாயே திறக்கவில்லை. மனசு கேட்காமல் நானே விசாரித்தேன். பள்ளியில் சின்னவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் ஷூ கொடுத்தார்களாம். எங்கள் கடை அட்டைப் பெட்டி. இவள் சும்மா இருப்பாளா? மெத்தை அட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். சிவப்புப் புள்ளி.

"அப்ப பொய் இல்லையேடி! சந்தோஷப்படேன்!"

"ஏழைக் குழந்தைங்கன்னு தினமும் சொன்னேன். யாரோ எவரோன்னு நினைச்சேன்டி." கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் கை தட்டினாங்களாம். அவ தலையக் குனிஞ்சுகிட்டே வாங்கினாளாம்."

 அதற்குள் ஓர் அம்மா பழைய ஷூவை மேசைமேல் வைத்து இவளை முறைத்தார்.

"நிஜமாவே ஏழைக் குழந்தைங்களுக்குத்தான் போகுதா, இல்ல ஏமாத்துறீங்களா?"

"போகுதுங்க. எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள்.

சிரிக்க மறந்துவிட்டாள். நான் நினைவுபடுத்தவில்லை.