கம்பியக்காவின் காந்தம்

கம்பியக்கா கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, ஆய்வுக்கூடக் கதவுக்கு வெளியே இருக்கும் பீங்கான் கிண்ணத்தில் போடுகிறார். ஐந்து. அடுத்தது கைக்கடிகாரம், சாவிக்கொத்து. கூந்தலை ஒரு பிளாஸ்டிக் கவ்விக்குள் அடக்கிவிட்டு, கதவோரத்து ஆணியில் நூல் கட்டித் தொங்கும் சின்னக் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார். இனி யார் உள்ளே போனாலும் அது அவர்களுடைய சட்டைப்பை, இடுப்பு எல்லாம் தடவிய பிறகுதான். பேராசிரியருக்கும் விலக்கில்லை.

"பெல்ட்டைக் கழட்டிடுங்க சார். உள்ள இருக்கிற பெரிய காந்தம் அப்புறம் உங்களை வீட்டுக்கு அனுப்பாது."

"உங்களை யாருக்கா சோதிக்கிறது?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "என் மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கம்பியக்கா என்றுதான் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, நடுவில் பிளேடால் வெட்டியும் வெட்டாமலும் ஒரு கீறல் போடுவது அவர் வேலை. பிறகு அதை வளையும் தகடு ஒன்றில் இரண்டு சொட்டுப் பசை வைத்து ஒட்டி, தகட்டை ஒரு சட்டத்தில் திருகாணியால் இறுக்குவார். கருவி தகட்டை மெல்ல வளைக்கும். கம்பி நீண்டு நீண்டு, கீறிய இடத்தில் கடைசியில் ஒரே ஓர் அணு மட்டும் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஒற்றை அணு வழியே மின்சாரம் எவ்வளவு போகிறது, சுற்றிலும் காந்தப்புலத்தை ஏற்றினால் அது மாறுகிறதா என்று பேராசிரியர் அளந்து பார்ப்பார். கீறும்போது அக்கா யாரையும் பேச விடமாட்டார். கம்பியோடு மட்டும் பேசுவார். "கொஞ்சம் பொறுத்துக்கடி ராசாத்தி, இதோ ஆச்சு."

வீட்டிலும் அதே கைதான். அவர் நறுக்கிய வெங்காயத்தைப் பார்த்து நாத்தனார் சொல்வது: "அண்ணி, இதைத் தேடுறதுக்கு உங்க ஆபீஸ் பூதக்கண்ணாடியையும் கொண்டாந்திருக்கலாம்." அக்காவுக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும்.

இருபத்திரண்டு வருடமாக இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் காந்தப்புலத்தை ஏற்றும்போதெல்லாம் தங்கக் கம்பியில் மின்சாரம் சட்டென்று குறைய ஆரம்பித்தது. பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பெரிய மாநாட்டில் அதை அறிவிப்பதாக இருந்தார்.

"தங்கம் காந்தத்தைத் திரும்பிக்கூடப் பாக்காதே சார்," என்றார் அக்கா.

"ஒத்தை அணுவா நிக்கும்போது அதுக்கும் புதுப் புத்தி வருமோ என்னவோக்கா."

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. புதன்கிழமை காலை தகட்டைக் கழற்றும்போது திருகாணியின் தலையில் மஞ்சள் உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. பழைய பித்தளைத் திருகாணி தேய்ந்துபோனதென்று, போன மாதம் தன் டப்பாவிலிருந்து அவரே எடுத்துப் போட்ட திருகாணி அது. கதவோரத்துக்குக் கொண்டுபோய்க் காந்தத்தைக் காட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை முலாம் பூசிய இரும்பு.

புலம் ஏறும்போதெல்லாம் இந்த இரும்பு இழுபட்டு, தகட்டை ஒரு மயிரிழை அசைத்திருக்கிறது. அணு அளவிலான பிடிப்புக்கு அந்த அசைவே அதிகம். பேசாமல் வேறு திருகாணி போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை அத்தனை பேர் முன்னால் நிற்கப்போவது பேராசிரியர். நேரே அவர் அறைக்குப் போய், காந்தத்தைத் திருகாணியோடு மேசைமேல் வைத்தார்.

"தப்பு என்னுது சார். எல்லார் இடுப்பையும் தடவிப் பாத்தேன், இதைப் பாக்கலை."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா?"

"அதான் கையோட கொண்டாந்தேன்."

அன்று மாலைக்குள் அசல் பித்தளை போட்டு, புதுக் கம்பி கீறி, மறுபடி அளந்தார்கள். புலம் ஏறியது, இறங்கியது. திரையில் கோடு நேராகவே போனது, தங்கம் அசைந்துகொடுக்கவில்லை. பேராசிரியர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாநாட்டுல இதைத்தான் சொல்லப்போறேன். எப்படி ஏமாந்தோம்னு. உங்களையும் சொல்லலாமாக்கா?"

"தாராளமா. போட்டவளும் நான்தான், பிடிச்சவளும் நான்தான்னு சேத்துச் சொல்லுங்க."

அன்று அக்காவுக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

மறுநாள் காலை கிண்ணத்தில் ஐந்து ஊசிகள் விழுந்தன. கடிகாரமும் சாவியும் விழுந்தன. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பேராசிரியர் வழக்கம்போல இரு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா ஆணியிலிருந்து காந்தத்தை எடுத்தார். முதலில் தன் கூந்தலில் தடவினார், பிறகு தோள், பிறகு இடுப்பு, மெதுவாக, ஓர் இடமும் விடாமல். அதன் பிறகுதான் பேராசிரியர் பக்கம் திரும்பினார்.