சங்குக்கும் ஷட்டருக்கும் இடையில்

மேற்கு மலையில் நல்ல மழை. எங்கள் பக்கம் சுள்ளென்று வெயில். அணைக்கட்டு அறையில் நானும் ஷட்டர் ஆபரேட்டரும் மட்டும் இருந்தோம். மலையில் பெய்யும் மழையை வைத்து, அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லும் கணித மாடலை ஒரு வருடமாக உட்கார்ந்து நான்தான் உருவாக்கியிருந்தேன். அதை நம்பித் தண்ணீர் திறப்பது அன்றுதான் முதல்முறை. பதினொரு மணிக்கு இரண்டு ஷட்டர் என்றது மாடல்.

பத்தே முக்காலுக்கு அபாயச் சங்கை ஊதச் சொன்னேன். ஊதிவிட்டுக் கரைமேல் போன ஆபரேட்டர் முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"மேடம், ஆத்துக்குள்ள பூரா ஆளா நிக்கிது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆற்றோரப் பட்டாசு கம்பெனியிலிருந்து பெண்கள் கூட்டமாக இறங்கிக் காய்ந்த மணலில் நின்றார்கள். ஊர்களுக்கெல்லாம் தகவல் சொல்லியிருந்தோம். கம்பெனிக்குள் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"சங்குச் சத்தம் கேட்டா எங்கனயோ வெடிச்சிருச்சுன்னுதான நினைப்பாக. வெட்ட வெளிக்கு ஓடச் சொல்லிக் குடுத்திருக்காக. இங்கன வெட்ட வெளின்னா ஆறுதான்." ஆபரேட்டர் பைக் சாவியைத் தேடினார். "என் வீட்டுக்காரியும் அங்கதான் வேலை பாக்கா."

"போன் போடுங்க."

"உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாக மேடம்." பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

கம்பெனி ஆபீசுக்கு அடித்தேன். எடுக்க ஆளில்லை. லேப்டாப்பில் நீர்மட்டக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. கால் மணி தாமதித்தால் என்ன ஆகும் என்று மாடலைக் கேட்டேன். மூன்று ஷட்டர் என்றது. அரை மணி என்றால் நான்கு. கரையோர மக்காச்சோளக் காடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அதற்கு மேல் போட்டுப் பார்க்கக் கை வரவில்லை.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"எல்லாரும் மேல ஏறிட்டாக மேடம். ரெண்டு தடவ எண்ணியாச்சு. தொறங்க."

நான்கு ஷட்டர்களுக்கும் நானே பொத்தானை அழுத்தினேன்.

மாடல் சொன்னபடியே மக்காச்சோளம் மூழ்கியது. சாயங்காலம் ஆபரேட்டரைத் தேடி அவர் மனைவி அணைக்கு வந்தார். "சங்கு ஊதினா நாங்க வேற எங்க ஓடுறது?" கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

சங்கை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி வைத்தோம். மாடலில், திறப்பதற்கு முன் ஆட்கள் கரையேற ஒரு மணி நேரம் சேர்த்தேன். காடு மூழ்கிப்போனவரைப் பார்க்கப் போகத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது. சாய்ந்து கிடந்த ஒரு மக்காச்சோளத் தட்டையைப் பிடுங்கி, சேற்றோடு என் கையில் கொடுத்தார்.