முன் கார்புரேட்டரில் ஒரு கை

இது வினோஜனுக்கு நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இதுவரை மூன்று பேரிடம்தான் வாய் திறந்திருக்கிறான். மூன்று தடவையும் நேரங்கள் ஒரு நிமிடம்கூட மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. இலங்கை மலையகத்தில் றொசல்லவுக்கு மேலே, இராசரத்தினத்தின் பங்களாவை ஒட்டிய கார்க் கொட்டகை. உள்ளே பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். அறுபது வருடப் பழசு. அட்டனில் மெக்கானிக் என்று இருந்தவர்கள் எல்லோரும் தொட ஆசைப்பட்ட கார். தொட்டவன் ஒருவன்தான். சுமன்.

வினோஜனும் சுமனும் ஒரே கராஜில் ஒன்பது வருடம் வேலை செய்தவர்கள். சேர்ந்ததும் ஒரே நாளில். ஆனால் இராசரத்தினம் வாசலில் காரை நிறுத்திக் கேட்பது ஒரே கேள்வி: "சுமன் நிக்கிறானோ?" இல்லையென்றால் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒன்பது வருடமாக அந்தக் கேள்வி வினோஜனின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பதினாறு நாட்களுக்கு முன் சுமனின் மோட்டார் சைக்கிள் மழையில் வழுக்கியது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். செய்தி கேட்டதும் வினோஜனுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கார். அதற்காக வெட்கப்பட்டான். கொஞ்ச நேரம்.

"ஏத்தத்திலை மூச்சு முட்டுது," என்றார் இராசரத்தினம். "ரெண்டாவது வளைவோடை இருமத் தொடங்கிடும். ஞாயித்துக்கிழமை நுவரெலியாவிலை மலையேத்தப் பந்தயம். அதுக்குள்ளை சரிவந்தால், இனி இந்தக் கார் உம்மடை கையிலைதான்."

"சரி பண்ணிரலாங்க சேர்."

"சுமன் எண்டால் சத்தத்தைக் கேட்டே சொல்லிப்போடுவான்."

"காய்ச்சக்காரன் இருமுறத மட்டும் கேட்டா போதுங்களா சேர்? நாக்கையும் நீட்டச் சொல்லணும்ல." சிரித்தபடிதான் பிளக்குகளைக் கழற்றினான். உள்ளுக்குள் கசந்தது.

முன் இரண்டு பிளக்கும் கரி. பின் இரண்டும் நல்ல பிஸ்கட் நிறம். இரட்டைக் கார்புரேட்டர் எஞ்சின். முன் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாக ஊட்டுகிறது. அதன் அடியில் ஒரு சின்ன நட் இருக்கிறது. திருப்பினால் பெட்ரோல் கூடும், குறையும். நட்டின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி. சுமன் வைத்த அடையாளம். அவன் மனைவி தனுஜாவின் நகப்பூச்சு.

வினோஜன் அதைச் சுரண்டி எறிந்தான். நட்டுக்கு ஆறு பக்கம். ஒரு பக்கம் திருப்பினால் போதும் என்று கை சொன்னது. சுமனும் ஒன்றுதான் திருப்பியிருப்பான். அதனாலேயே இரண்டு திருப்பினான்.

மூன்று ஐந்து. இராசரத்தினம் தேநீருக்கு உள்ளே போனார். மூடுபனி கொட்டகை வாசல்வரை வந்து நின்றது.

எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்தான். மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயில் பிடித்தான். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரிக் காற்றை இழுக்க வேண்டும்.

பின் கார்புரேட்டர். ஸ்ஸ்ஸ்ஸ்...

முன் கார்புரேட்டர். ஸ்ஸ்ஸ்ஸ்... ச்சு.

குழாயைப் பிடுங்கினான். நாக்கைத் தட்டும் சத்தம். அடுத்தவன் வேலை பிழைத்தால் சுமன் அப்படித்தான் தட்டுவான். ஒன்பது வருடம் கேட்ட சத்தம்.

திரும்பிப் பார்த்தான். பனி மட்டும்.

மூன்று பதினைந்துக்குக் காரை எடுத்தான். இரண்டாவது வளைவில் மூச்சு முட்டவில்லை. ஆனால் டப்... டப்... என்று கார்புரேட்டர் வழியே வெடித்தது. பெட்ரோல் போதவில்லை. ஒரு பக்கம்தான் திருப்பியிருக்க வேண்டும்.

மூன்று முப்பத்திரண்டு. கொட்டகைக்குத் திரும்பி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பொனட்டைத் தூக்கினான்.

நட்டின் மேல் ரோஸ் புள்ளி.

தொட்டான். விரலில் ஒட்டியது. ஈரம்... நகப்பூச்சு வாசனை.

துடைத்துவிட்டு ஸ்பானரை நட்டில் மாட்டினான். ஒரு பக்கம் பின்னே திருப்ப வேண்டும். மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கார்க் கதவருகே வந்து நின்றான்.

மூன்று நாற்பது.

கிர்ர்க்...

பொனட்டின் இடுக்கு வழியே பார்த்தான். ஸ்பானர் தானாகத் திரும்பியது. ஒரு பக்கம். சரியாக ஒரே பக்கம்.

"சுமா?"

நின்றது.

ச்சு...

அவர்கள் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பொனட்டுக்குள் குனிந்திருந்தால், சாவி போடுகிறவன் "கை!" என்று கத்துவான். "எடுத்தாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் சாவி. முன் கார்புரேட்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி ரேடியேட்டர் விசிறி. இருவரும் ஒரு நாளும் அதை மறந்ததில்லை.

வினோஜன் அன்றும் மறக்கவில்லை.

கத்தவில்லை.

சாவியைத் திருப்பினான்.

டக்.

மெத்தென்று ஒரு டக். ஸ்பானர் தரையில் விழுந்தது. மணி மூன்று நாற்பத்தொன்று.

ஓடிப்போய்ப் பார்த்தான். விசிறியில் ஒன்றும் இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிசிறு இல்லாமல்.

இராசரத்தினம் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். "ஓமடாப்பா! இதுதான் சத்தம்! சுமனும் இப்பிடிச் செய்யேல்லை. இனி நீர்தான்."

ஒன்பது வருடம் காத்திருந்த வார்த்தை. வினோஜனின் காதில் அது விழவே இல்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனான். சுமன் செத்திருப்பான் என்றே நினைத்துப் போனான்.

சாகவில்லை. கண்மூடியே கிடந்தான். வலது கையில் பெரிய கட்டு.

தனுஜா வெளியே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நேத்து சாயங்காலம்ண்ணே. மூணு நாப்பத்தொன்னுன்னு நர்ஸ் எழுதி வச்சிருக்காங்க. சும்மா படுத்திருந்தவரு அலறுனாராம். பாத்தா ரெண்டு வெரல காணோம். பெட்டு, தரை, எல்லாம் தேடிட்டாங்க. கெடைக்கல. புண்ணு பூரா கறுப்பா கிரீஸாம்... எந்த மெஷின்ல கைய விட்டாருன்னு டாக்டரு எங்கிட்ட கேக்குறாருண்ணே."