நிக்கிற ஆக்கள்

ஜக்குலின் ஆடினாள். அதை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை, நானும் மறைக்கப்போவதில்லை. அண்ணன் மகன் கல்யாணத்தில், நீலக் கவுணின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வயலின் இழுக்க இழுக்கச் சுற்றிச் சுற்றி ஆடினாள். முகம் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் ஊரில் ஒரே கதை: "இடுப்பு, நாரி ஏலாதெண்டு இவ்வளவு நாளும் நடிச்சிருக்காள் பார்."

நடிப்பாம். என் வாயில் வருவதை அப்படியே எழுதினால் அச்சில் ஏறாது. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஜக்குலின் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவள். மட்டக்களப்பு டவுனில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண். விடியற்காலை பஸ் பிடித்துப் போனால் பொழுதுபடத்தான் வந்து சேருவாள். வெளிநாட்டுக்காரர் படுத்தெழும்பிய மெத்தைகளுக்கு விரிப்பு மாற்றுவது என்ன பெரிய வேலை என்று நினைப்பீர்கள். அந்த மெத்தையின் மூலையை ஒருதரம் தூக்கிப் பாருங்கள், தெரியும். ஒருநாள் அவள் குனிந்து தூக்கும்போது இடுப்புக்குப் பின்னால் நாரிக்குள் டக்கென்று ஏதோ விட்டது. இடது கால் பெருவிரல் வரைக்கும் நெருப்பு ஓடியது. முள்ளந்தண்டில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார்.

கால் முறிந்தால் மாக்கட்டுப் போடுவார்கள், பஸ்ஸில் எழும்பி இடம் தருவார்கள். நாரிக்குள் டிஸ்க் பிதுங்கினால் கட்டும் இல்லை, காயமும் இல்லை. இதில் இன்னொரு அநியாயம், உட்கார்ந்து இருந்தால்தான் கொல்லும். நின்றால் கொஞ்சம் பரவாயில்லை, மெல்ல நடந்தால் இன்னும் பரவாயில்லை. நோயாளி என்றால் பாயில் கிடக்க வேண்டும் என்று நினைக்கிற சனத்துக்கு, கதிரையைக் கண்டால் பயந்து நின்றுகொண்டே திரிகிற நோயாளியை எப்படிப் புரியவைப்பது?

ஹோட்டலில் லேசான வேலை கொடுத்தார்கள். துவாய் மடிப்பது. அதை நின்றபடியே செய்யலாம். அவளுடைய அறைகளை அதே ஹோட்டலில் வேலை செய்கிற தங்கச்சி தானியாவின் தலையில் கட்டினார்கள். தானியாவை அங்கே சேர்த்துவிட்டதே ஜக்குலின்தான். இரண்டு பேரும் ஒரே வளவில், அக்கா முன்வீடு, தங்கச்சியும் புருசனும் பின்வீடு. இதை மறந்துவிடாதீர்கள்.

ஆசுபத்திரியில் பிசியோ கிளினிக்குக்கு முதல்தரம் போனபோது, விறாந்தையில் நீளமான வாங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. வந்திருந்த ஆட்களோ சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். வாங்குக்குப் பெயின்ட் அடித்து ஈரமாக இருக்கிறதோ என்று ஜக்குலின் கேட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்ற காத்தான்குடிப் பெண் ஒருத்தி சிரித்தாள்.

"பெயின்டும் இல்ல, ஒண்டும் இல்ல புள்ள. குந்தினா மறுகா எழும்பேலா. அதுதான் எல்லாரும் நிக்கம். வாங்க, நீங்களும் வந்து நில்லுங்க."

அவள் ஆயிஷா உம்மா. தறியில் குந்தியிருந்து நெய்து நெய்தே நாரியைத் தொலைத்தவள். பக்கத்தில் நின்றவன் திவாகரன், ஆட்டோ ஓட்டுகிறவன். வயல் வட்டையில் அறுவடை நேரம் நெல் மூட்டை தூக்கப் போய் மாட்டிக்கொண்டவன். இருமல் வந்தால் முதலில் சுவரைப் பிடி, படுக்கையிலிருந்து நேரே எழும்பாதே, ஒருக்களித்துக் காலைத் தொங்கவிட்டு எழும்பு என்று அந்த விறாந்தையிலேயே அவளுக்குப் பாடம் நடந்தது. ஆனால் அவள் மனதைத் தொட்டது அது இல்லை. வீட்டிலும் வேலையிலும் எல்லாரும் "இப்ப சுகம்தானே?" என்று கேட்பார்கள். சுகம் என்று சொன்னால்தான் அவர்களுக்குச் சுகம். இவர்கள் அப்படிக் கேட்கவில்லை. "இண்டைக்கு எங்க இழுக்குது?" என்று கேட்டார்கள். ஜக்குலினுக்குக் கண் கலங்கிவிட்டது. திவாகரன் போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினான். அதற்குப் பேர் வைத்தது ஆயிஷா உம்மா: நிக்கிற ஆக்கள்.

இனிக் கல்யாணத்துக்கு வருவோம். அவர்கள் குடும்பத்தில் கபரிஞ்ஞா ஆடாமல் ஒரு கல்யாணம் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. வயலினும் மேளமும் தொடங்கினால், ஆணும் பெண்ணும் சோடி சோடியாக எதிரெதிரே வந்து நிற்க வேண்டும். ஒரு சோடி குறைந்தாலும் ஆட்டம் குழம்பும். அன்றைக்குத் தானியாதான் சொந்தக்காரரான பேர்சி அங்கிளோடு நிற்பதாக இருந்தது. வயலின்காரர் சுருதி சேர்க்கும் நேரத்தில் அவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, நான் வீடியோ எடுக்கணும். எனக்குப் பதிலா நீ நில்லு. ஒரே ஒரு ஆட்டம்."

"எனக்கு ஏலாதுடி."

"நிண்டா நோகாதெண்டு நீதானே சொல்ற? இதும் நிண்டுதானே ஆடுற. சோடி குறைஞ்சா பொம்பிளை வீட்டு ஆக்கள் பகிடி பண்ணுவாங்க."

அன்றைக்கு அவளுக்கு நோவு ஒள்ளம் குறைவாகவும் இருந்தது. இந்த வருத்தத்தில் அப்படி ஒரு நல்ல நாள் வரும். வந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று காதுக்குள் சொல்லும். நம்பினால் தொலைந்தோம். அவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் சின்ன வயதிலிருந்து ஆடிய கால், வயலின் சத்தம் கேட்டால் சும்மா நிற்குமா? பேர்சி அங்கிள் கையை நீட்டினார். ஜக்குலின் முன்னே போனாள். இரண்டு மூன்று சுற்று வரைக்கும் உடம்பு அவள் சொன்னதைக் கேட்டது, எத்தனையோ நாளைக்குப் பிறகு. அந்தச் சந்தோசத்தில்தான் அப்படிச் சிரித்தாள்.

வீடியோ அதோடு முடிந்துவிடும். அதில் இல்லாததைக் கேளுங்கள். ஆட்டம் முடிந்ததும் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போய், சோற்றுக் கிடாரங்களுக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் படுத்துவிட்டாள். ஆட்டோவின் பின்சீட்டில் அவளைக் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது தானியா. "என்னாலதான் அக்கா, என்னாலதான்" என்று வழி முழுக்க அழுததும் தானியா. அதன்பிறகு பல நாள் நாரிக்கு எண்ணெய் தேய்த்ததும், கக்கூசுக்குத் தாங்கிக்கொண்டு போனதும், தேத்தண்ணியை ஊதி ஊதிப் பருக்கியதும் அவளேதான். இந்த உலகத்தில் ஜக்குலினுடைய நோவைக் கையால் தொட்டுப் பார்த்தவள் ஒருத்தி இருந்தால் அது தானியா.

அந்த வீடியோவைத் தானியா பேஸ்புக்கில் போட்டாள். அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். கல்யாண வீட்டில் யார்தான் போடவில்லை? அது கைக்குக் கை மாறி ஹோட்டல் மனேஜரிடம் போய்ச் சேர்ந்தது. ஜக்குலின் மீண்டும் வேலைக்குப் போன அன்றே அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இருங்க" என்று கதிரையைக் காட்டினார்.

தானியா இருந்தாள். ஜக்குலின், "நான் நிக்கிறன் சேர்" என்றாள்.

"ஆடத் தெரியுது, கதிரையில இருக்கத் தெரியாதா?" மனேஜர் போனை மேசையில் வைத்தார். வயலின் சத்தம் கேட்டது. பிறகு தானியாவைப் பார்த்தார். "நீங்க ஒரே வளவுதானே. நீங்களே சொல்லுங்க. இவவுக்கு உண்மையா ஏலாதா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஜக்குலினுக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அப்பாடா, சரியான ஆளிடம்தான் கேட்டார் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தாள். தானியா மேசையைப் பார்த்தாள்.

"தெரியாது சேர். வீட்டில நல்லாத்தான் நடந்து திரியிறா."

அவ்வளவுதான் சொன்னாள். துவாய் மடிக்க ஆள் தேவையில்லை, நாளையிலிருந்து அறை வேலைக்கு வரலாம் அல்லது வேலையை விட்டு நிற்கலாம் என்றார் மனேஜர். ஜக்குலினால் மெத்தை தூக்க முடியாது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி சொன்னால் நம்ப ஆளில்லை. மற்றவள் உண்மையைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் தானியா முன்சீட்டில் போய் இருந்தாள். ஜக்குலின் வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளவுக்குள் வந்த பிறகுதான் கேட்டாள்.

"ஏன்டி?"

"நான் என்ன பொய்யா சொன்னன்? நடந்து திரியிறதானே." தானியா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "உன்ட அறையெல்லாம் ஆர் செய்யிற? ஒவ்வொரு நாளும் உன்ட மெத்தையும் நான்தான் தூக்கிற. என்ட நாரி என்ன இரும்பா? இப்ப சூப்பர்வைசர் இடம் ஒண்டு வருது. உனக்காகக் கதைச்சா என்னையும் உன்னோட சேத்துக் கள்ளியெண்டுவாங்க."

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு ஆள் வேலையை ஒருத்திமேல் சுமத்தியது ஹோட்டல்தான். ஆனால், "அக்காவுக்கு ஏலாதுதான் சேர், அவட அறைகளை இனி நானும் செய்யமாட்டன்" என்று சொல்லியிருக்கலாமே. அப்படிச் சொல்லியிருந்தால் ஜக்குலின் மனம் நொந்திருக்க மாட்டாள். எண்ணெய் தேய்த்த கை அது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு தெரியாது என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. டிஸ்க் விலகியதற்கு மெத்தையைக் குற்றம் சொல்லலாம். இதற்கு யாரைச் சொல்வது?

ஜக்குலின் வேலையை விட்டாள். குரூப்பில் சில நாள் ஒன்றும் பேசவில்லை. வீடியோவைப் பார்த்தால் இவர்களும் கள்ளி என்றுதான் சொல்வார்கள் என்று பயம். கடைசியில், வருவது வரட்டும் என்று அவளே அதை அனுப்பி, "இதாலதான் என்ட வேலை போச்சு" என்று குரல் பதிவில் சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

முதலில் வந்தது ஆயிஷா உம்மாவின் குரல். "பாத்தன் புள்ள. நல்ல வடிவா ஆடுறீங்க, மாஷா அல்லாஹ். இதுக்கு மறுகா எத்தினை நாள் படுத்தீங்க?"

ஊரில் யாரும் கேட்காத கேள்வி. மனேஜர் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் கேட்கவில்லை. தானியா கேட்கத் தேவையில்லை, அவளுக்குத் தெரியும். ஜக்குலின் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அழுதாள்.

பின்னேரம் திவாகரன் சொன்னான், தேர்த் திருவிழாவில் எல்லாரும் வடம் பிடிக்கத் தானும் பிடித்தானாம், பிறகு பாயோடு பாயாகக் கிடந்தானாம். "மச்சான் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறான் அக்கா. சாமிக்கு முன்னால நடிக்கலாமா எண்டு கேக்கிறான்." ஆயிஷா உம்மாவுக்கு அது மருமகளின் கல்யாணத்தில் நடந்தது. சகன் என்கிற ஒரே பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றிப் பெண்கள் வட்டமாகக் குந்தியிருக்கும்போது, நடுவில் இவள் எழும்பினால் மற்றவர்களுக்குச் சோறு இறங்குமா? கடைசி வரைக்கும் குந்தியிருந்தாள். பிறகு நாலு பேர் பிடித்துத்தான் தூக்கினார்கள். "ஏலா ஏலா எண்டு எல்லாத்தையும் உட்டுட்டா, நம்மள ஆர் புள்ள கல்யாணத்துக்குச் சொல்ற?" என்றாள்.

தானியாவுக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. கிடைத்த கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எண்ணெய்ப் போத்தலோடு முன்வீட்டு வாசலில் நின்றாள். அன்றைக்கு ஜக்குலினுக்கு நோவு அதிகம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போய்க் குப்புறக் கிறுகிப் படு அக்கா. எண்ணெய் போட்டு விடுறன்."

ஜக்குலின் அவளை நேராகப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"ஏன்? எனக்கு நல்லாத்தானே இருக்கு. வீட்டில நடந்து திரியிறன்தானே."

தானியா போத்தலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போனாள். ஜக்குலினுக்கு வென்ற மாதிரி ஒன்றும் இல்லை. அழுகைதான் வந்தது.

பின்னேரம் திவாகரனின் ஆட்டோவில் ஆயிஷா உம்மா வந்து இறங்கினாள். கையில் சின்னக் குப்பியில் தன் வீட்டு எண்ணெய். திவாகரன் வாசலோடு நின்றுகொண்டான். பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். ஜக்குலினால் கட்டிலில் படுக்க முடியும். ஆனால் ஆயிஷா உம்மாவுக்குக் குனிந்து தேய்க்க முடியாது. அதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் ஜக்குலின் சுவரில் கையை ஊன்றி, முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் ஆயிஷா உம்மா ஒரு கையால் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் எண்ணெய் எடுத்தாள்.

"சொல்லுங்க புள்ள, இண்டைக்கு எங்க இழுக்குது?"

ஜக்குலின் இடத்தைக் காட்டினாள். வெளியே கீழ்ப்படியில் தானியாவின் போத்தல் இருந்தது. வந்தவர்களும் பார்த்திருந்தார்கள், அவளும் பார்த்திருந்தாள். அதைக் குனிந்து எடுக்க அங்கே ஒருவராலும் ஏலாது.