கவாத்துக் கத்தி பட்ட கேபிள்

கட்டபெட்டு தாண்டிய வளைவில் எங்கள் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சக்கரம் மாற்றும்வரை சாலையோரம் நடக்கிறேன். தேயிலைச் சரிவில் ஒரு பெண் கறுப்புக் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறுகிறார். ஈரமண்ணில் ஏணி வழுக்குகிறது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.

“எங்க லயத்து வீடுங்களுக்கு வர்ற இன்டர்நெட்டுங்க. கேபிள்காரங்க செடிக்குள்ளயே இழுத்துட்டுப் போயிட்டாங்க. நேத்து செடிக் கெளைய கவாத்து வெட்டறப்ப, காட்டுக்கொடின்னு நெனச்சு நானேதான் வெட்டிப்போட்டேன்” என்கிறார்.

“சரிபண்ண ஆள் வரமாட்டாரா?”

“ஒட்டுப்போடச் சாயங்காலம் வர்றாருங்க. அதுக்குள்ள இத மேல ஏத்திரணும், இல்லீன்னா மறுபடி எவ கத்தியாவது படும். காலேஜுக்கு அப்ளிகேஷன் போட மகளுக்கு நாளைக்குத்தான் கடைசி நாளு. இலைக்கு வெல இல்லாம வாரத்துல மூணு நாள்தான் வேலை. இந்த எஸ்டேட்ட நம்பி அவ நிக்கக் கூடாதுங்க.”

இரண்டு மரங்களில் கட்டி முடிக்கிறோம். இன்னும் நான்கு இருக்கின்றன. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்.

“நீங்க கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்.”

பேருந்து நகரும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன். அடுத்த மரத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டு, நான் பிடித்திருந்த ஏணிக்காலுக்கு முட்டுக்கொடுக்க ஒரு பாறாங்கல்லை உருட்டிக்கொண்டு வருகிறார்.