வருமா, வராதா என்று கேட்கப் போனோம்

மகளுக்கு இப்போது நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "இனிமே வரலாம், வராமலும் போகலாம்" என்று அவர் அடுத்து சொன்னார். கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். சில மாதங்களாக யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது போலிருந்தது. திரும்பினால் ஆள் இல்லை. பஸ்ஸில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தானோ என்று சந்தேகம். அப்படி இருக்காது என்பதும் அவளுக்குப் பாதி தெரியும். அந்தப் பாதி இருக்கும்போதே வந்தது நல்லது என்றார் டாக்டர். மனநோயாக முற்றும் ஆபத்து அவளுக்கு மற்றவர்களைவிட அதிகம். ஆனாலும் இந்த நிலையில் இருக்கும் பலருக்கு அது வருவதேயில்லையாம்.

இதைப் புரியவைக்கத் தருமபுரியில் ஒரு வகுப்பு வைத்தார்கள், பெற்றோருக்கும் சேர்த்து. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அறிவியல் நடத்துகிற என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என் பழைய மாணவி வயதில் ஒரு உளவியல் மேடம் பாடம் எடுத்தார்.

"தூக்கம் கெடக் கூடாதுங்க. கஞ்சா பக்கமே போகக் கூடாது. கொரல் கேக்குதுன்னா, பொய்னு சண்டை போடாதீங்க, கூடச் சேர்ந்து பயப்படவும் செய்யாதீங்க. இப்ப உங்ககிட்ட வந்து சொல்றாங்கல்ல, அது நின்னுடாம பாத்துக்கங்க."

நான் கையைத் தூக்கினேன். "எங்க பொண்ணுக்கு வருமா வராதா, அத மட்டும் சொல்லிடுங்க மேடம்."

"அது யாருக்கும் தெரியாதுங்க சார்."

"தோராயமா?"

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் படித்த பாடத்துக்கு நேர் எதிராக நடந்தேன். குளியலறையில் அவள் முணுமுணுத்தால் கதவில் காதை வைத்தேன். களி குறைவாகச் சாப்பிட்டால் அறிகுறி. கூடுதலாகச் சாப்பிட்டால் புது அறிகுறி. காப்பித் தம்ளரை நீட்டும்போதே "ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றேன். கொஞ்ச நாளில் எதற்கும் "இல்லப்பா" என்று மட்டும் சொன்னாள். மேடம் எச்சரித்த இடத்துக்கு அவளை நானே கொண்டுவந்து விட்டிருந்தேன். புரிந்தது. புரிந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் இருவரையும் கூட்டிக்கொண்டு முனியப்பனிடம் பூ கேட்கக் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறோ, பூ கேட்காமல் ஆரம்பிப்பதில்லை. சாமியின் இரண்டு தோளிலும் பூ வைப்பார்கள். வலது பக்கம் விழுந்தால் நல்லது. எங்கள் போர்வெல்லுக்கு வலது பக்கம்தான் விழுந்தது. வந்தது வெறும் மண் புகை. அதெல்லாம் அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

பூசாரி பூவை வைத்தார். மூவரும் நின்றோம். விழவில்லை. நான் இன்னும் கிட்டே போனேன்.

"ஊதிக்கீதி வுட்டுறாதீங்க" என்றாள் மனைவி.

"ஈரப் பூங்க, ஒட்டிக்கிச்சு" என்றார் பூசாரி. "சாமி யோசிக்குதுன்னும் வெச்சுக்கலாம்."

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, சாமியும் மேடம் சொன்னதத்தான் சொல்லுது." அந்தச் சிரிப்பு முடிவதற்குள்ளேயே, "காலைல பஸ் ஸ்டாண்டுல கூப்பிட்டுச்சுப்பா. உங்க கொரல்ல" என்றாள்.

எப்போது, எத்தனை தடவை, என்ன சொல்லி என்று எல்லாக் கேள்விகளும் நாக்கு நுனியில் முட்டிக்கொண்டு நின்றன. விழுங்கினேன்.

"பயமா இருந்துச்சா?"

"கொஞ்சம். அப்புறம் போயிருச்சு."

"ராத்திரி தூங்குனியாம்மா?"

"எங்க தூங்கறது? கதவுக்கு வெளிய நீங்க செருப்பத் தேச்சுக்கிட்டு நின்னீங்களே."

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள் மனைவி.

"மேடம்கிட்ட சொல்லிடலாமா?" என்றேன் மகளிடம்.

"நானே சொல்லிக்கறேன். நீங்க கையத் தூக்காம இருங்க, போதும்."

பூ இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. "இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பாக்கறீங்களா சார்?" என்றார் பூசாரி.

"வேணாங்க" என்றேன். அவள் தூங்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, உள்ளே போட்டு நடக்கும் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே விட்டேன்.